மீன்வள ஆய்வுக் கலன், வலை ஒப்பீட்டுப் புள்ளியியல்

மீன்வள ஆய்வுக் கலன், வலை ஒப்பீட்டுப் புள்ளியியல் என்பது, வெவ்வேறு கலன்களோ வெவ்வேறு வலைகளோ பிடித்த மீன்களின் எண்ணிக்கையை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரப் பயன்படும் புள்ளியியல் முறைகளின் தொகுதியாகும். நீருக்குள் இருக்கும் மீன்களை நேரடியாக எண்ண இயலாது. எனவே ஆய்வாளர் வலையில் அகப்பட்ட மீன்களை எண்ணி, அதிலிருந்து நீரில் உள்ள மீன்வளத்தை மதிப்பிடுகின்றனர். கலனோ வலையோ மாறினால் அகப்படும் மீன்களின் எண்ணிக்கையும் மாறும். அம்மாற்றத்தை மீன்வளத்தில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து பிரித்தறிவதே இம்முறைகளின் நோக்கமாகும்.

கடலில் இழுவைக் கப்பல்களுக்கு எந்த அளவுக்கு இம்முறைகள் தேவையோ, அதே அளவுக்கு நீர்த்தேக்கங்களில் பரிசலும் செவுள் வலையும் கொண்டு நடைபெறும் ஆய்வுகளுக்கும் தேவை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலை அடிவாரத்தில் உள்ள ஆழியாறு நீர்த்தேக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஆழியாறு நீர்த்தேக்கம் எழுப்பும் கேள்வி

ஆழியாறு நீர்த்தேக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் ஒரு பகுதியாகும். மீன்வளக் கணக்குகளில் இதன் பரப்பு 650 எக்டேர் எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே 1000 எக்டேருக்குக் குறைந்த 'சிறு நீர்த்தேக்கங்கள்' என்னும் வகையில் இது அடங்கும். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் இங்கு மீன்வள மேலாண்மை திருத்தியமைக்கப்பட்டது. 1964-65இல் எக்டேருக்கு 1.67 கிலோகிராமாகப் பதிவாகியிருந்த மீன் விளைச்சல் 1990இல் 194 கிலோகிராமாக உயர்ந்தது. அக்காலத்தில் இந்தியச் சிறு நீர்த்தேக்கங்களின் சராசரி விளைச்சல் எக்டேருக்கு ஏறத்தாழ 50 கிலோகிராம் மட்டுமே.

இவ்வுயர்வுக்குப் பல நடவடிக்கைகள் ஒருசேரக் காரணமாயின. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளின் குஞ்சுகள் மட்டும் விடப்பட்டன. 100 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. குஞ்சுகள் ஒரே தடவையில் அன்றிப் பல தடவைகளில் விடப்பட்டன. இவற்றோடு சிறு கண்ணி வலைகள் தடை செய்யப்பட்டு, ஒரு கிலோகிராமுக்குக் குறைந்த பெருங்கெண்டைகளைப் பிடிப்பதும் தவிர்க்கப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 194 கிலோகிராம் என்பது கரைக்கு வந்த மீனின் அளவு. அவ்வகையில் அதில் ஐயமில்லை. ஆனால் 1.67க்கும் 194க்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 116 என்பதால், நீரில் இருந்த மீன்களும் 116 மடங்கு பெருகின என்று கூற இயலாது. இடைப்பட்ட காலத்தில் மீன்கள் மட்டுமன்றி வலைகளும் மாறின. கண்ணி அளவு மாறியதால் எந்த நீளமுள்ள மீன்கள் அகப்படும் என்பதும் மாறியது. மீன் பெருகியதால் கிடைத்த பங்கு எவ்வளவு, வலை மாறியதால் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதைப் பிரிக்க வேண்டுமானால், பழைய வலையையும் புதிய வலையையும் ஒரே காலத்தில், ஒரே நீரில் இட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

அடிப்படைச் சமன்பாடு

மீன்வள அறிவியலில் பின்வரும் எளிய தொடர்பு பயன்படுகிறது:

பிடிப்பு = பிடிதிறன் × முயற்சி × செறிவு

இதில் முயற்சி என்பது இழுவை வலை இழுத்த நேரமாகவோ, செவுள் வலையின் நீளமும் அது நீரில் கிடந்த நேரமும் சேர்ந்த அளவாகவோ இருக்கலாம். செறிவு என்பது ஓர் அலகு பரப்பில் உள்ள மீன்களின் எண்ணிக்கை. பிடிதிறன் என்பது ஓரலகு முயற்சியால் அகப்படும் பங்கைக் குறிக்கும்.

பிடிப்பையும் முயற்சியையும் அளக்க முடியும். பிடிதிறனும் செறிவும் தெரியாதவை. ஒரே கலன், ஒரே வலை, ஒரே முறை ஆகியவற்றைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தால், பிடிதிறன் எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் அது மாறாதிருக்கும் எனக் கொண்டு, செறிவின் ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பிலிருந்து அறியலாம். ஆய்வுக் கலன்களில் வலையை மாற்றாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணமாகும். எனினும் கப்பல்கள் பழுதடைகின்றன. வலை செய்யும் பொருள்கள் சந்தையிலிருந்து மறைகின்றன. மாற்றம் தவிர்க்க இயலாததாகும்போது இரு பிடிதிறன்களுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டறிய வேண்டும். அவ்விகிதம் ஒப்பீட்டு மீன்பிடி ஆற்றல் அல்லது மாற்றுக் காரணி எனப்படும்.

பிடிதிறன் வேறுபடுவதற்கான காரணங்கள்

கலன்: இயந்திரத்தின் வலிமை, இழுக்கும் வேகம், மிதவை ஆழம், நீருக்கடியில் எழும் ஓசை ஆகியவை பிடிப்பைப் பாதிக்கின்றன. கப்பலின் ஓசையைக் கேட்டு மீன்கள் விலகக்கூடும் என்பதால், பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் 1995இல் ஆய்வுக் கப்பல்களின் ஓசைக்கு வரம்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. ஆயினும் ஓசை குறைந்தால் மீன் விலகாது என்று உறுதியாகக் கூற இயலவில்லை. நார்வே ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓசை குறைந்த புதிய கப்பலைக் கண்டு ஹெர்ரிங் மீன்கள் பழைய கப்பலைக் கண்டதைவிட மிகுதியாக விலகியது தெரியவந்தது.

வலை: கண்ணியின் அளவும் வடிவும், நூலின் தடிமன், நிறம், வாயின் அகலம், இழுவை வலையை விரித்து வைக்கும் பலகைகளின் எடை ஆகியவை முக்கியமானவை.

மனிதர்: வலை இடும் இடத்தைத் தேர்வதிலும் வடத்தை விடும் அளவிலும் மாலுமிகளின் பழக்கம் வேறுபடும். நீர்த்தேக்கத்தில் அனுபவமுள்ள பரிசல்காரர் வலையை இடும் இடமும், புதியவர் இடும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

சூழல்: பகல், இரவு, நீரின் கலங்கல், நீர்மட்டம் ஆகியவையும் பிடிதிறனை மாற்றும். பாசனத்திற்கு நீர் திறக்கப்படும்போது நீர்த்தேக்கத்தின் பரப்பு சுருங்கி, அதே எண்ணிக்கையிலான மீன்கள் குறைந்த நீரில் நெருங்கியிருக்கும். அப்போது பிடிப்பு கூடுவது மீன்வளம் பெருகியதைக் குறிக்காது.

களச் சோதனை அமைப்புகள்

ஒப்பீட்டின் தரத்தைக் கணக்கீட்டைவிடக் களச் சோதனையின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. வழக்கத்தில் உள்ள அமைப்புகள் வருமாறு:

இணை இழுவை: இரு கப்பல்கள் அருகருகே, ஒரே நேரத்தில், ஒரே திசையில் வலை இழுக்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே மீன்கூட்டத்தைச் சந்திப்பதால் செறிவின் தாக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். எந்தக் கப்பல் எந்தப் பக்கம் செல்வது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும்.

மாற்று இழுவை: ஒரே கப்பல் இரு வலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தும். செலவு குறைவு. ஆனால் முதல் இழுவைக்கும் இரண்டாவது இழுவைக்கும் இடையே மீன்கள் இடம்பெயரக்கூடும். முதலில் இழுக்கும் வலை எது என்பதை மாற்றி மாற்றி அமைக்க வேண்டும்.

இரட்டை வலை: ஒரே கப்பல் இரு வலைகளையும் பக்கம் பக்கமாக ஒரே நேரத்தில் இழுக்கும். வலைகளை ஒப்பிட இது ஏற்றது. கப்பல்களை ஒப்பிட உதவாது.

உறை வலை: வலையின் கடைசியில் மீன் சேரும் பையின் மேல் சிறு கண்ணி கொண்ட உறை ஒன்று பொருத்தப்படும். பையிலிருந்து தப்பும் மீன்கள் உறையில் அகப்படும். எந்த நீளமுள்ள மீன்களில் எத்தனை விழுக்காடு தப்புகின்றன என்பதை இதன்மூலம் நேரடியாக அறியலாம்.

இலத்தீன் சதுரம்: நிலையாக இடப்படும் செவுள் வலைகளுக்கு இது பொருந்தும். நான்கு கண்ணி அளவுகளை நான்கு இடங்களில் நான்கு நாள்கள் சோதிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை, ஒவ்வொரு நாளிலும் ஒருமுறை மட்டும் வருமாறு பின்வருமாறு அமைக்கலாம் (கண்ணி அளவு மில்லிமீட்டரில், ஒவ்வொரு வரியிலும் இடங்கள் 1 முதல் 4 வரை):

நாள் 1: 40, 50, 60, 70
நாள் 2: 50, 60, 70, 40
நாள் 3: 60, 70, 40, 50
நாள் 4: 70, 40, 50, 60

நடைமுறையில் வரிசைகளும் நிரல்களும் குலுக்கல் முறையில் இடம் மாற்றப்படும். இவ்வமைப்பில் நல்ல இடம் ஒரே வலைக்கு வாய்த்துவிடுவதும், மீன் மிகுந்த நாள் ஒரே வலைக்குச் சாதகமாவதும் தவிர்க்கப்படுகின்றன. ஆழியாறு போன்ற நீர்த்தேக்கத்தில் ஆற்றுமுகம், அணையோரம், ஆழப்பகுதி, கரையோர ஆழமற்ற பகுதி ஆகியவை நான்கு இடங்களாக அமையலாம்.

கணக்கீட்டு முறைகள்

மூன்று விடைகள்

பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கத்திற்காகப் புனையப்பட்டது. பழைய கலனும் புதிய கலனும் ஆறு முறை இணையாக வலை இழுக்கின்றன. கிடைத்த மீன்களின் எண்ணிக்கை வருமாறு:

இணை 1: பழையது 20, புதியது 30 (விகிதம் 1.50)
இணை 2: பழையது 5, புதியது 10 (விகிதம் 2.00)
இணை 3: பழையது 80, புதியது 100 (விகிதம் 1.25)
இணை 4: பழையது 12, புதியது 30 (விகிதம் 2.50)
இணை 5: பழையது 40, புதியது 50 (விகிதம் 1.25)
இணை 6: பழையது 8, புதியது 24 (விகிதம் 3.00)

புதிய கலனின் ஆற்றல் பழையதைப்போல் எத்தனை மடங்கு? மொத்தங்களை வகுத்தால் 244 ÷ 165 = 1.48. ஆறு விகிதங்களின் கூட்டுச் சராசரி 1.92. அவற்றின் பெருக்குச் சராசரி 1.81. மூன்றும் ஒரே தரவிலிருந்து பெறப்பட்டவை. முதலாவதில் மீன் மிகுந்த மூன்றாம் இணை மற்றவற்றை அமுக்கிவிடுகிறது. இரண்டாவதில் சில மீன்களே கிடைத்த இணைகளின் பெரிய விகிதங்கள் விடையை மேலே இழுக்கின்றன. மேலும், பழைய கலனைப் புதியதால் வகுத்துச் சராசரி கண்டால் இவ்விடையின் தலைகீழி கிடைப்பதில்லை. பெருக்குச் சராசரிக்கு இக்குறை இல்லை.

மடக்கை இணைச் சோதனை

ஒவ்வொரு விகிதத்திற்கும் இயல் மடக்கை எடுத்துச் சராசரி கண்டால் 0.593 கிடைக்கும். திட்டப் பிழை 0.150. ஆறு இணைகளுக்குரிய டி-பரவலின் மதிப்பு 2.571ஐக் கொண்டு கணித்து, மடக்கையை மீண்டும் எண்ணாக மாற்றினால், மாற்றுக் காரணி 1.81 எனவும், அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 1.23 முதல் 2.66 வரை எனவும் பெறலாம். இடைவெளிக்குள் 1 அடங்காததால், இரு கலன்களும் சம ஆற்றல் உடையவை என்னும் கருதுகோள் தள்ளப்படுகிறது. இம்முறையின் குறை, ஏதேனும் ஓர் இழுவையில் மீன் எதுவும் கிடைக்காவிட்டால் வெளிப்படும்: சுழியத்திற்கு மடக்கை இல்லை. எல்லா எண்களோடும் 1ஐக் கூட்டுவது பழைய வழக்கம். அது விடையைச் சாய்த்துவிடும் என்பதால் இப்போது தவிர்க்கப்படுகிறது.

இவ்வெண்களால் என்ன விளையும் என்பதைக் காண்போம். பழைய கலனின் கடைசி ஆண்டில் ஓர் இழுவைக்குச் சராசரியாக 25 மீன்களும், புதிய கலனின் முதலாண்டில் 30 மீன்களும் கிடைத்தன எனக் கொள்வோம். திருத்தம் செய்யாவிட்டால் மீன்வளம் 20 விழுக்காடு உயர்ந்ததாகத் தோன்றும். 1.81ஆல் வகுத்தால் 30 என்பது பழைய அளவில் 16.6 ஆகும், அதாவது மீன்வளம் 34 விழுக்காடு சரிந்துள்ளது. நம்பிக்கை இடைவெளியின் இரு முனைகளைக் கொண்டு கணித்தாலோ, சரிவு 2 விழுக்காடாகவும் இருக்கலாம், 55 விழுக்காடாகவும் இருக்கலாம். மீன்பிடி அளவை உயர்த்துவதா, குறைப்பதா என்னும் முடிவு இக்காரணியைப் பொறுத்தே அமைகிறது.

மாறுபாட்டுப் பகுப்பாய்வு

இரண்டுக்கு மேற்பட்ட கலன்கள் இருக்கும்போதும், அவை இணையாக இயங்காதபோதும் இம்முறை பயன்படும். பிடிப்பின் மடக்கையானது கலனின் விளைவு, இடத்தின் விளைவு, காலத்தின் விளைவு ஆகியவற்றின் கூட்டுத்தொகை எனக் கொள்ளப்படும். ராப்சன் 1966இல் தனித்தனிக் கப்பல்களின் மீன்பிடி ஆற்றலை மதிப்பிட இம்மாதிரியை முன்வைத்தார். ஒப்பீட்டு மீன்பிடி ஆற்றல் என்னும் கருத்து 1957இல் வெளியான பெவர்டன், ஹோல்ட் ஆகியோரின் நூலில் விரிவாக விளக்கப்பட்டிருந்தது.

ஈருறுப்பு மாதிரி

ஓர் இணையில் இரு கலன்களும் சேர்ந்து பிடித்த மொத்த மீன்களை நிலையான எண்ணாகக் கொண்டு, அவற்றில் புதிய கலனுக்குச் சென்ற பங்கை ஆராய்வது இம்முறை. இரு கலன்களும் சம ஆற்றல் உடையவையாயின் இப்பங்கு நாணயச் சுண்டலைப் போன்று பாதிக்குப் பாதி அமையும். சுழிய எண்ணிக்கை இம்முறையில் இடர் தருவதில்லை. நீரில் எத்தனை மீன்கள் இருந்தன என்னும் அறியாத எண்ணும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 409 மீன்களில் 244 புதிய கலனுக்குரியவை, காரணி 1.48, நம்பிக்கை இடைவெளி 1.21 முதல் 1.80 வரை.

இவ்விடைவெளி முன்னதைவிடக் குறுகியது. இதற்குக் காரணம், ஒவ்வொரு மீனும் மற்றவற்றைச் சாராமல் தனித்தனியே அகப்படுகிறது என இம்முறை கொள்வதாகும். உண்மையில் மீன்கள் கூட்டமாகச் செல்கின்றன. ஒரு கூட்டம் முழுதும் ஒரே வலையில் விழலாம். எனவே எளிய ஈருறுப்பு மாதிரி மிகையான உறுதியைக் காட்டும் இயல்புடையது. இதைச் சரிசெய்ய, பங்கு என்பது இணைக்கு இணை மாறலாம் எனக் கொள்ளும் பீட்டா-ஈருறுப்பு மாதிரியும் கலப்பு விளைவு மாதிரிகளும் பயன்படுகின்றன. இழுவைக்கு இழுவை தெரிவுத்திறன் வேறுபடுவதைக் கணக்கில் கொள்ளும் முறையை ஃப்ரையர் 1991இல் வெளியிட்டார்.

நீளம் சார்ந்த ஒப்பீடு

ஒரு கலன் சிறு மீன்களை மிகுதியாகவும் பெரிய மீன்களைக் குறைவாகவும் பிடிக்கலாம். அந்நிலையில் ஒரே காரணியால் எல்லா மீன்களையும் திருத்துவது தவறாகும். மில்லர் 1992இல் வெளியிட்ட முறையில், ஒவ்வொரு நீளப் பிரிவிலும் மொத்தப் பிடிப்பை நிலையாகக் கொண்டு, ஒரு வலைக்குச் சென்ற பங்கு நீளத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பது வளைகோடாகப் பொருத்தப்படுகிறது. வலைகளின் தெரிவுத்திறன் ஆய்வுகளில் இன்றும் இதுவே அடிப்படையாக உள்ளது.

செவுள் வலைகளின் தெரிவுத்திறன்

செவுள் வலையில் மிகச் சிறிய மீன் கண்ணி வழியே நழுவிவிடும். மிகப் பெரிய மீனின் தலை கண்ணிக்குள் நுழையாது. இடைப்பட்ட நீளமுள்ளவையே செவுளில் மாட்டிக்கொள்ளும். ஆகவே தெரிவுத்திறன் வளைகோடு மணி வடிவில் அமையும். உருசிய அறிஞர் பாரனோவ், ஒரே இன மீன்கள் வடிவில் ஒத்தவை என்பதால் ஒரு கண்ணிக்கு ஏற்ற மீன் நீளம் கண்ணி அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று காட்டினார். 50 மில்லிமீட்டர் கண்ணி 20 சென்டிமீட்டர் மீன்களைச் சிறப்பாகப் பிடிக்குமானால், 60 மில்லிமீட்டர் கண்ணி 24 சென்டிமீட்டர் மீன்களைச் சிறப்பாகப் பிடிக்கும்.

ஹோல்ட் 1963இல் இக்கருத்தைக் கணக்கீட்டு முறையாக்கினார். நெருங்கிய இரு கண்ணி அளவுகளை ஒரே இடத்தில் இட்டு, ஒவ்வொரு நீளப் பிரிவிலும் இரு பிடிப்புகளின் விகிதத்திற்கு மடக்கை எடுத்து, நீளத்திற்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சாய்விலிருந்தும் வெட்டுத்துண்டிலிருந்தும் ஒவ்வொரு கண்ணிக்கும் உகந்த மீன் நீளத்தைக் கணிக்கலாம். நீரில் எந்த நீளமுள்ள மீன்கள் எத்தனை உள்ளன என்பது தெரியவேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு. இரு வலைகளும் தத்தம் உகந்த நீளத்தில் சம ஆற்றல் உடையவை என்னும் எடுகோள் இதன் வரம்பாகும்.

ஒரு கிலோகிராமுக்குக் குறைந்த கட்லாவைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்தபின், எக்கண்ணியைத் தடை செய்வது என்னும் கேள்விக்கு இத்தகைய ஆய்வே விடை தருகிறது. அதே கண்ணி, உடல் உயரம் குறைந்த மிர்காலுக்கு வேறு நீளத்தில் பொருந்தும். ஆதலால் பல இனங்கள் வாழும் நீர்த்தேக்கத்தில் ஒரே கண்ணி எல்லா இனங்களுக்கும் உகந்ததாக அமைவதில்லை.

இந்தியக் கடல் ஆய்வுகளில்

தமிழகக் கடலில் இழுவைக் கப்பல் ஆய்வுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் என்னும் மீன்வளம் மிக்க கடற்பரப்பில், 1920 முதல் 1923 வரை இலங்கையின் ஆய்வுப் பணியில் ஈடுபட்ட 'லில்லா' கப்பல் வலை இழுத்தது. சென்னை மாகாண மீன்துறையின் 'லேடி கோஷன்' நீராவிக் கப்பல் 1927இல் ஆழ்கடல் மீன்பிடித் தளங்களை ஆய்வு செய்யத் தொடங்கியது. 1976ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டின்படி வெட்ஜ் பேங்க் இந்தியாவின் ஆளுகைக்கு உட்பட்டது. இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் அளிக்கப்பட்டது. இவ்வாறு ஒரே கடற்பரப்பில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கப்பல்கள் மீன்பிடித்துள்ளன. ஒரு காலத்தின் கப்பல் மறுகாலத்தின் கப்பலோடு இணையாக வலை இழுத்திருந்தாலன்றி, அவற்றின் மணிக்கணக்குப் பிடிப்புகளை ஒரே வரைபடத்தில் இணைத்து மீன்வளத்தின் நூற்றாண்டுப் போக்கைக் கூற இயலாது.

விடுதலைக்கு முன்னர், 1946இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஆழ்கடல் மீன்பிடி நிலையமே வளர்ந்து 1983இல் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம் உள்ளிட்ட தளங்களிலிருந்து அதன் கப்பல்கள் இயங்குகின்றன. 1984இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட 'சாகர் சம்பதா' ஆய்வுக் கப்பல் 71.5 மீட்டர் நீளமுடையது. இத்தகைய பெருங்கப்பலின் பிடிப்பையும் சிறு இழுவைக் கப்பலின் பிடிப்பையும் மாற்றுக் காரணியின்றி ஒன்றாகச் சேர்ப்பது பொருந்தாது.

கரைக்கு வரும் மீனின் அளவை மதிப்பிடுவது இதனின்று வேறுபட்ட பணியாகும். சுகாத்மே, பான்சே, சாஸ்திரி ஆகியோர் இந்தியாவில் கடல் மீன் பிடிப்பை மதிப்பிடுவதற்கான கூறெடுப்பு முறையை 1958இல் வெளியிட்டனர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அடுக்குவாரிப் பலநிலைக் கூறெடுப்பு முறையில் இப்பணியைச் செய்துவருகிறது. அத்தரவிலிருந்து மீன்வளத்தின் போக்கை அறிய முற்படும்போது கலன் ஒப்பீட்டுச் சிக்கல் மீண்டும் எழுகிறது. இயந்திர வலிமை, எதிரொலி மானி, செயற்கைக்கோள் வழி இடங்காட்டி ஆகியவை படிப்படியாகச் சேர்ந்ததால், 1970களின் ஒரு நாள் இழுவையும் இன்றைய ஒரு நாள் இழுவையும் ஒரே அலகு அல்ல. முயற்சி மாறாததுபோல் தோன்றினாலும் ஆற்றல் வளர்ந்துகொண்டே வருவதால், குறைந்துவரும் மீன்வளம் நிலையாக இருப்பதாகத் தோன்றக்கூடும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் 'அல்பட்ராஸ் 4' கப்பல் 1963 முதல் ஆய்வுப் பணியாற்றியது. அதன் வலையை இழுக்கும் இரு வடங்களில் நீளக் குறிகள் ஒத்திராமல், 2000 முதல் 2002 வரை வலை ஒருபுறம் கோணலாக இழுக்கப்பட்டது 2002இல் தெரியவந்தது. மீன்பிடி வரம்புகளால் வருவாய் இழந்திருந்த மீனவர்கள் ஆய்வின் முடிவுகள் அனைத்தையும் ஐயுற்றனர். பின்னர் நடந்த பகுப்பாய்வுகளில் இக்குறையால் பிடிப்பு பெரிதும் மாறியதாகத் தெரியவில்லை. எனினும், அளவெடுக்கும் கருவியின் நம்பகத்தன்மை மக்களின் வாழ்வாதாரத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

அக்கப்பலுக்கு மாற்றாக 'என்றி பி. பிகலோ' வந்தபோது, 2008இல் இரு கப்பல்களும் பல நூறு முறை இணையாக வலை இழுத்தன. பழைய கப்பல் 30 நிமிடமும் புதியது 20 நிமிடமும் இழுத்தன, வலைகளும் வேறு. எனவே கப்பலையும் வலையையும் இழுக்கும் முறையையும் ஒரே அலகாகக் கொண்டு காரணிகள் கணிக்கப்பட்டன. பீட்டா-ஈருறுப்பு மாதிரி இதற்குப் பயன்பட்டது. சில இனங்களுக்கு நீளம் சார்ந்த காரணிகளும் பின்னர் கணிக்கப்பட்டன.

வடகடலில் பல நாடுகளின் கப்பல்கள் ஒரே வகை வலையைப் பயன்படுத்துகின்றன. கடற்பரப்பு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலான கட்டங்களில் இரு வெவ்வேறு நாட்டுக் கப்பல்கள் வலை இழுக்கின்றன. இதனால் ஆண்டுதோறும் கப்பல்களுக்கிடையேயான ஒப்பீடு இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

திருத்தம் செய்வதா, விடுவதா

மாற்றுக் காரணியே ஒரு மதிப்பீடு என்பதால் அதற்கும் பிழை உண்டு. திருத்தம் செய்தால் சாய்வு குறையும். ஆனால் காரணியின் பிழையும் சேர்ந்து மதிப்பீட்டின் சிதறல் கூடும். சாய்வின் வர்க்கத்தையும் சிதறலையும் கூட்டிப் பெறும் சராசரி வர்க்கப் பிழை எதில் குறைவோ அதைத் தேர்வது ஒரு விதியாகும்.

இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. சில இணைகளே கொண்ட சோதனையில் 'வேறுபாடு புள்ளியியல் வகையில் சிறப்புடையதன்று' என்னும் முடிவு கிடைத்தால், இரு கலன்களும் சமம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. சோதனை சிறியதாக இருந்ததால் வேறுபாடு புலப்படாமல் போயிருக்கலாம். எனவே முடிவோடு நம்பிக்கை இடைவெளியையும் தருவது இன்றியமையாதது. எத்தனை இணைகள் தேவை என்பதையும் சோதனைக்கு முன்னரே கணித்துக்கொள்ள வேண்டும். திட்டப் பிழையைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ நான்கு மடங்கு இணைகள் தேவைப்படும்.

வரம்புகள்

ஒப்பீடு விகிதத்தை மட்டுமே தரும். நீரில் உள்ள மீன்களின் முழு எண்ணிக்கையைத் தராது. இரு வலைகளுமே பிடிக்காத மீன்களைப் பற்றி ஒப்பீட்டால் எதுவும் அறிய முடியாது. ஒரு பருவத்திலும் ஓர் இடத்திலும் பெற்ற காரணி வேறு பருவத்திற்கும் இடத்திற்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. தென்மேற்குப் பருவமழையில் நீர் கலங்கியிருக்கும்போது செவுள் வலையின் நூல் மீனுக்குத் தென்படாது. கோடையில் தெளிந்த நீரில் அதே வலை தென்படும்.

பழைய கலனை ஒதுக்கியபின் ஒப்பிட இயலாது என்பதே இவற்றுள் பெரிய வரம்பு. கப்பலாயினும் பரிசலில் இடும் வலையாயினும், புதியது வந்தபின் பழையதையும் சில காலம் உடன் இயக்கிப் பதிவு செய்தால் மட்டுமே முந்தைய ஆண்டுகளின் தரவு பிந்தைய ஆண்டுகளுக்குப் பயன்படும். வலையின் கண்ணி அளவு, நீளம், நூல், இட்ட நேரம், எடுத்த நேரம், நீர்மட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு பிடிப்போடும் குறித்துவைப்பது இதன் முதற்படியாகும். செலவு மிகுந்த கப்பல் ஆய்வுகளுக்குப் பொருந்தும் இவ்விதி, ஒரு குறிப்பேடு மட்டுமே உள்ள நீர்த்தேக்க மீன்பிடிக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

ஆழியாறு அணை
பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்
செவுள் வலை
இழுவை வலை
ஈருறுப்புப் பரவல்
இலத்தீன் சதுரம்
கூறெடுப்பு